மாப்பிள்ளை கைக்குப் போன வாட்ச்

பெண்களுக்கு வாட்ச் செய்கிறவர்கள், பெண்களுக்கு மணி பார்க்கும் வேலையே கிடையாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் தொழிலில் இறங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முகப்பை வைத்து, எண்களுக்குப் பதில் நாலு கல்லைப் பதித்து, விநாடி முள்ளையும் பிடுங்கிவிட்டு, 'லேடீஸ் மாடல்' என்று நீட்டுவார்களா? காஞ்சிபுரத்தில் நான் ஏறி இறங்காத வாட்ச் கடை இல்லை. எல்லாக் கடையிலும் அதே புளியங்கொட்டைதான். விநாடி முள் உள்ளதாகக் காட்டுங்கள் என்றால், விற்கிற பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் ஜென்ட்ஸ்ல வரும் மேடம்" என்பான்.

எனக்கு விநாடி முள் இல்லாமல் பிழைப்பு நடக்காது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நான் நர்ஸ். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பது என் வேலை. சளி பிடித்த குழந்தை என்றால், சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். மூச்சு ரொம்ப வேகமாக இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வாட்ச் கட்டிய கையைக் குழந்தையின் வயிற்றுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால்தான் வயிறும் முள்ளும் ஒரே பார்வையில் விழும்.

"போன்லயே பாத்துக்கலாமே நர்ஸம்மா" என்று எனக்கு யோசனை சொல்லாத ஆள் பாக்கியில்லை. போனை வெளியே எடுத்தால் குழந்தை அதைப் பிடுங்க வரும். தராவிட்டால் அழும். அழுகிற குழந்தைக்கு மூச்சு எண்ணி என்ன பிரயோஜனம்? அழாத குழந்தையாக வாய்த்தால், பாதி எண்ணும்போது மேலே இருப்பவர்களிடமிருந்து 'இன்றைய விவரம் உடனே அனுப்பவும்' என்று செய்தி வந்து திரையை மறைக்கும். அந்தச் செய்தியை அனுப்புகிறவர்களை ஒருநாள் என்னோடு ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முன்பெல்லாம் ஒரு பேட்டரி வாட்ச் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் குழந்தையை மடியில் போட்டு எண்ணுகிறேன், எண்ணுகிறேன், எண்ணிக்கொண்டே போகிறேன். முள் போய் நிற்க வேண்டிய இடத்துக்கு வரவே இல்லை. குழந்தையைப் பெற்றவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னா நர்ஸம்மா, இம்மா நேரம் எண்றீங்க? கொயந்தைக்கு எதாவது கீதா?" என்றாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, என் வாட்ச்தான் செத்துக் கிடந்தது. பேட்டரி அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேரும். சாவி கொடுக்கிற வாட்ச் என்றால் காலையில் நான் முறுக்கிவிட்டது பொழுது சாயும்வரை ஓடும், அதற்கு நான் பொறுப்பு. அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டேன்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் வாட்ச் கடை வைத்திருக்கும் பாயிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "இன்னாம்மா, இந்தக் காலத்துல சாவி குடுக்கற வாட்ச்ச கேக்கறீங்க? தெனம் பேஜாருமா அது" என்றார். பிறகு மனம் இரங்கி, கையை ஆட்டினால் தானே முறுக்கிக்கொள்ளும் வகை ஒன்றைக் காட்டினார். அது மெதுவடை கனத்துக்கு இருந்தது. எடை போடக் குழந்தையைத் தூக்கும்போது அதன் மண்டையில் இடிக்கும். வேண்டாம் என்றேன். அடுத்து வந்ததில் தேதி, கிழமை எல்லாம் இருந்தன, ஆனால் விநாடி முள் ஓரமாக ஒரு குட்டி வட்டத்துக்குள் சுற்றியது. அதுவும் வேண்டாம் என்றேன். பாய்க்கு அலுத்துவிட்டது. எனக்கும்தான். சொல்லிவைத்து, பலமுறை நடந்து, கடைசியில் ஒன்று வந்தது. வெள்ளை முகப்பு, கறுப்பு எண்கள், மெல்லிய உடம்பு, ஓரம்வரை நீண்ட விநாடி முள். ஒரு நாளைக்கு நூறு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவளுக்கு ஏற்றபடி தண்ணீர் புகாதது.

"ஆனா இது ஜென்ட்ஸ்மா" என்றார் பாய்.

"கைக்கு இன்னா பாய் தெரியும், ஆம்பள பொம்பள? குடுங்க" என்றேன்.

வாரில் கூடுதலாக ஒரு ஓட்டை போட்டுக் கட்டிக்கொண்டேன். இத்தனை வருஷச் சம்பாத்தியத்தில் எனக்கென்று யோசித்து யோசித்து வாங்கிய பொருள் அது ஒன்றுதான். காலையில் அடுப்பில் பால் பொங்குவதற்குள் சாவி கொடுப்பேன். விரலுக்கு நடுவில் கறுக் கறுக்கென்று ஏறும். போதும் என்கிற இடத்தில் அதுவே எதிர்க்கும், அதற்கு மேல் போகக் கூடாது. என் கை மாவில் இருக்கும் நாட்களில் மகள் சாவி கொடுப்பாள். அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த முள் பேட்டரி வாட்ச்சின் முள் மாதிரி தாவித் தாவிப் போகாது, வழுக்கிக்கொண்டு போகும். மதியம் வேலை முடிந்து மர நிழலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சும்மாவே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் போகிற வீட்டிலெல்லாம் ஒரே கேள்விதான்: "வூட்டுக்காரர் வாட்ச்சா நர்ஸம்மா?" முதலில் இல்லை இல்லை என்று விளக்கினேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

மகளுக்குக் காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாமலில் மாப்பிள்ளை பார்த்தோம். கம்பெனி வேலை, கொஞ்சம் நிலம், ஏரிப் பாசனம். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். தலை தீபாவளிக்கு இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை முறுக்கு எதுவும் இல்லாமல் போட்டதைச் சாப்பிட்டார், கொடுத்த வேட்டி சட்டையைக் கட்டிக்கொண்டார். அவருக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க அனுப்பிவிட்டு, மகளை மணையில் உட்கார வைத்து அவள் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கை என்பதால் வாட்ச்சைக் கழற்றி டி.வி. பக்கத்தில் வைத்திருந்தேன். வழக்கம்போல் முன்னமே சாவி கொடுத்தாகிவிட்டது.

மாப்பிள்ளை குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வாட்ச்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூப்பரா கீதே மாமா. உங்களுதா?" என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு விவசாயி. சேற்றில் இறங்குகிறவர், ஆயுசில் வாட்ச் கட்டியதில்லை, நான் சாவி கொடுப்பதைக்கூடக் கவனித்ததில்லை. என்னுடையது இல்லை, என் பெண்டாட்டியுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் சொன்னது வேறு. "புடிச்சிருக்கா மாப்ள? அப்ப கட்டிக்கோங்க. உங்க கைக்குத்தான் எடுப்பா கீது."

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதையைக் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தது அன்றைக்குத்தான். "ஏங்க, அது..." என்று ஆரம்பித்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரை எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. என் கைக்குக் கீழே மகளின் தலை சட்டென்று நிமிர்ந்தது. வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "நீ சும்மா இரு" என்று கண்ணைக் காட்டினார். மாப்பிள்ளை அதற்குள் கட்டிவிட்டார். நான் போட்ட ஓட்டையைத் தாண்டி, கடைக்காரர் போட்ட ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

அடுப்படியில் வைத்துச் சண்டை போட்டேன், அதுவும் குரலை உயர்த்த முடியாத சண்டை.

"அது என் வாட்ச்சுங்க. என் வேலைக்கு வாங்கினது."

"ஆம்பள வாட்ச்சுதானே? நீ வேற ஒண்ணு வாங்கிக்க."

"வேற ஒண்ணு எங்க கெடைக்குது? அலைஞ்சது நானா நீங்களா?"

"தலை தீபாவளி அதுவுமா மாப்ள கைலேர்ந்து கயட்டச் சொல்றியா? நம்ம பொண்ணு அந்த வூட்ல வாழ வாணாமா?"

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு எந்த அம்மாவால் பதில் சொல்ல முடியும்? அவர்கள் வண்டியில் கிளம்பும்போதாவது சொல்லிவிடலாம் என்று, "மாப்ள, அந்த வாட்ச்சுக்கு தெனம் காலைல..." என்று ஆரம்பித்தேன். "அவருக்குத் தெரியாதா? மய வரமாரி கீது, கெளம்பட்டும்" என்று இவர் குறுக்கே விழுந்தார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். வாட்ச் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்த வாரம் பாய் கடைக்குப் போனேன். அந்த மாடல் இனி வராது என்றார். பெட்டியில் கிடந்த பழைய பேட்டரி வாட்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுக் கட்டிக்கொண்டேன். ஒருமுறை என்னை ஏமாற்றிய வாட்ச் அது, எனக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. எண்ணி முடித்ததும் சந்தேகம் வந்து போனை எடுத்து இன்னொரு தடவை எண்ணுவேன். மழைக்காலம், சளி இல்லாத குழந்தையே இல்லை. இரண்டாம் தடவை எண்ணத் தொடங்கினாலே, "குளுருது நர்ஸம்மா, போதும்" என்று சட்டையை இழுத்து விடுவார்கள். வேலையில் எனக்கு எரிச்சல் வருவது புதிதில்லை. ஆனால் வருகிற எரிச்சலெல்லாம் ஒரே ஆள் மேல் வந்தது புதிது. வீட்டுக்கு வந்து சோற்றைத் தட்டில் போடும்போது கரண்டி கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது. அவருக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது தாமலிலிருந்து சம்பந்தியம்மா போன் பண்ணினார். மாப்பிள்ளையின் அம்மா. நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. அந்த வாட்ச்சு ரெண்டாம் நாளே நின்னு போச்சி. பேட்டரி மாத்தலாம்னு எம்புள்ள பின்னாடி மூடிய தெறந்து பாத்தான். உள்ள பேட்டரியே இல்ல! பேட்டரிய எடுத்துக்கினு வெறும் வாட்ச்ச குடுத்துகீறீங்களே, அதுவும் தலை தீபாவளிக்கு?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் தொடர்ந்து பேசப் பேச அது அடங்கிப்போனது. நின்ற வாட்ச்சை வீட்டில் வைத்தால் ஆகாதாம். வருகிறவர் போகிறவரெல்லாம் மாமனார் வீட்டுச் சீரைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். "உங்க பொண்ணுகிட்டயும் கேட்டேன், இன்னாமா இப்பிடின்னு. அது வாயே தெறக்க மாட்டேங்குது" என்றார்.

அங்கேதான் எனக்குத் திக்கென்றது. சாவி கொடுக்க வேண்டும் என்று மகளுக்குத் தெரியாதா? எத்தனை காலை அவள் கையாலேயே கொடுத்திருக்கிறாள்! அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பேச்சு அத்தனையும் நின்றுவிடும். நான் சொன்னாலும் நிற்கும். ஆனால் சொன்ன அந்த நிமிடமே வாட்ச் ஓட ஆரம்பித்துவிடும், மாப்பிள்ளை கையிலேயே ஓடும். சொல்லாமல் இருந்தால் ஒருவேளை எனக்குத் திரும்பி வரும். நாக்கு நுனியில் வந்ததை அடக்கிக்கொண்டு, "நேர்ல வந்து பேசறோம் சம்பந்தி" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் மானம் போய்விட்டது. என் மானம் இல்லை, அவருடையது. காஞ்சிபுரம் போய், தங்க நிறச் சங்கிலி போட்ட பேட்டரி வாட்ச் ஒன்றை வாங்கி வந்தார். பேட்டரி இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை பழம், பூ, இனிப்போடு பைக்கில் கிளம்பினோம். வழியெல்லாம் மனதுக்குள் மகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தினம் எழுந்து அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாளே, இதற்கு முன்னால் வாட்ச் என்ன பெரிய வாட்ச்? போனதும் உண்மையைச் சொல்லிவிடுவது, சாவி கொடுக்கிற விதத்தை மாப்பிள்ளைக்குக் காட்டிவிடுவது, ஒழிந்து போகட்டும் என்று தலை முழுகிவிடுவது. தாமல் ஏரிக்கரையைப் பார்க்கும்போது அந்த முடிவில் உறுதியாக இருந்தேன்.

கூடத்தில் உட்கார வைத்தார்கள். சம்பந்தியம்மா வாட்ச்சை ஒரு செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். பின்மூடியில் கத்தியால் நெம்பிய கீறல்கள். விரலால் தடவிப் பார்த்தேன். இருந்தாலும் நினைத்து வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். "சம்பந்தி, இது ரிப்பேர் இல்ல. இதுக்கு இன்னான்னா..."

காப்பி டம்ளர்களோடு மகள் வந்தாள். தட்டை வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ரிப்பேர்தான் அத்தை" என்றாள். "எங்க வூட்லயே இது இப்பிடித்தான் அடிக்கடி நின்னு போவும். எங்கப்பாக்கு அது தெரியாது, எடுத்துக் குடுத்துட்டாரு."

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரிப்பேர்னு தெரிஞ்சிக்கினே குடுத்தீங்களா? நல்லா கீது ஞாயம்" என்றார். எனக்கு முகம் சுட்டது. நான் மேலே பேசுவதற்குள் இவர் அவசர அவசரமாகப் புது வாட்ச்சை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். தங்கச் சங்கிலியைப் பார்த்ததும் மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. "இது செம்மையா கீது மாமா" என்றார். அம்மாவும் எட்டிப் பார்த்தார். பேச்சு ஏரித் தண்ணீர், நடவு என்று திரும்பிவிட்டது. பொட்டலத்தை என் பையில் போட்டுக்கொண்டு, டம்ளர்களை எடுத்துப் போகிறவள் மாதிரி மகளின் பின்னால் தோட்டத்துப் பக்கம் போனேன்.

"ஏண்டி பொய் சொன்ன?" என்றேன். "சாவி குடுக்கணும்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தப் பேச்செல்லாம் நீ கேட்டிருப்பியா?"

"சொல்லியிருந்தா அது இங்கியே இருந்திருக்கும்."

"இருந்தா இருந்துட்டுப் போவுது. ஒரு வாட்ச்சுக்கோசரம் பொறந்த வூட்ட ஏச்சு வாங்க வெக்கறியே, உனுக்கு இன்னா பைத்தியமா?"

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீ எனுக்கு போட்டு அனுப்பிச்ச நகையெல்லாம் அத்தை பீரோவுல கீது. கல்யாணம் காட்சின்னா எடுத்துக் குடுப்பாங்க, வந்ததும் வாங்கி வெச்சிப்பாங்க. வண்டிய அவரு கம்பெனிக்கு எடுத்துக்கினு போறாரு. வேலைக்குப் போறேன்னு கேட்டேன், இப்போ இன்னா அவசரம்னு சொல்ட்டாங்க. இந்த வூட்ல என்துன்னு ஒண்ணு சொல்லு பாக்கலாம். உன்துன்னு கீறது அது ஒண்ணுதாம்மா. அதுவும் போவணுமா?"

யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் பையிலிருந்து பொட்டலத்தை அவளே எடுத்தாள். சாவி கொடுத்தாள். எதிர்க்கிற இடம் வந்ததும் சரியாக நிறுத்தி, என் கையில் கட்டிவிட்டு, என் புடவைத் தலைப்பை இழுத்து அதை மூடினாள். "போற வரிக்கும் வெளிய தெரியாம பாத்துக்க" என்றாள். அவள் டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் நல்ல மனநிலையில் இருந்தார். பிரச்சினை தீர்ந்துவிட்டது, சம்பந்தி வீட்டில் சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்கள். ஊர் எல்லை தாண்டியதும் முன்னால் பார்த்தபடியே, "அதான் உன் வாட்ச்சு உங்கிட்டயே வந்துடிச்சே. இன்னும் இன்னாத்துக்கு மொகத்த தூக்கி வெச்சிக்கினு கீற?" என்றார்.

"நம்ம பொண்ணுக்கு நாம இன்னாங்க குடுத்தோம்?" என்று கேட்டேன்.

"இன்னா இப்பிடி கேக்கற? நகை போட்டோம். கட்டில் பீரோ குடுத்தோம். வண்டி வாங்கிக் குடுத்தோம். பாத்திரம் பண்டம் எதுல கொற வெச்சோம்?"

"அதெல்லாம் அவுங்களுக்குக் குடுத்தது. பொண்ணுக்கு இன்னா குடுத்தோம்னு கேக்கறேன்."

அவர் பைக்கின் வேகத்தைக் குறைத்து, ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பை விலக்கினேன், விநாடி முள் வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.